குழாய்க்கு ஏன் வியர்க்கிறது? ஆரணிப் பட்டும் ஒரு வெப்பப் பாடமும்

பட்டுப் புடவையின் மேல் விழும் ஒரு சொட்டு நீர் காய்ந்த பிறகும் வட்டமாகத் தடம் விட்டுப் போகும். துணியில் ஏறியிருக்கும் சாயத்தையும் கஞ்சியையும் நீர் தன் விளிம்புக்குத் தள்ளிக்கொண்டு போய் அங்கேயே விட்டுவிடுவதால் இப்படி ஆகிறது. சரிகையில் வெள்ளி இருந்தால், ஈரம் தங்கிய இடம் நாளடைவில் கறுக்கவும் செய்யும். கணவனும் மனைவியும் மாறி மாறித் தறியில் உட்கார்ந்து வாரக்கணக்கில் நெய்த புடவை, ஒரே ஒரு சொட்டினால் விலை குறைத்துத் தள்ளும் சரக்காகிவிடும். கமண்டல நாகநதிக் கரையில் தறி ஓசையோடு வளரும் ஆரணி மாணவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தச் சொட்டு இன்று புதிய ஓர் இடத்திலிருந்தும் வருகிறது. புடவைக் கடைகளில் ஏ.சி. வந்துவிட்டது. ஏ.சி. பொருத்திய கணினி ஆய்வகங்கள் அரசுப் பள்ளிகளிலும் இருக்கின்றன. ஏ.சி.யிலிருந்து வெளியேறும் நீரைக் கொண்டுபோகும் பி.வி.சி. குழாயின் அடியில் நீர் கோத்துச் சொட்டுவதைப் பலரும் பார்த்திருப்போம். "குழாய் ஒழுகுகிறது" என்று மெக்கானிக்கை அழைப்போம். பல நேரங்களில் குழாய் ஒழுகுவதில்லை, வியர்க்கிறது. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டுபிடிப்பதும், வியர்வையை நிறுத்துவதும் வெப்பம், நீர் ஆகிய இரண்டு பாடங்களையும் ஒன்றாக இணைத்து நடத்த அருமையான வாய்ப்பு. 4, 5ஆம் வகுப்புகளுக்குச் செயல்பாடு 1 போதும். 6 முதல் 8 வரை செயல்பாடு 2, 3 ஆகியவற்றையும் சேர்க்கலாம். 9ஆம் வகுப்புக்கு மேல் கணக்குப் பகுதியையும் நடத்தலாம்.

வகுப்பில் முன்வைக்க வேண்டிய சிக்கல்

பின்வரும் சிக்கலைக் கரும்பலகையில் படமாக வரைந்து பாடத்தைத் தொடங்குங்கள்.

ஒரு புடவைக் கடை. முன்புறம் ஏ.சி. உள்ள விற்பனைக் கூடம். பின்புறம் ஏ.சி. இல்லாத சரக்கறை. ஏ.சி.யின் நீர்க்குழாய் கூடத்தைக் கடந்து, சரக்கறையின் கூரையை ஒட்டிச் சென்று வெளியேறுகிறது. கூடத்தில் குழாய் காய்ந்திருக்கிறது. சரக்கறையில் அதே குழாயிலிருந்து நீர் சொட்டுகிறது. இணைப்புகளை எல்லாம் மீண்டும் பசை போட்டு ஒட்டியும் நிற்கவில்லை. வெயில் காலத்தைவிட மழை மாதங்களில் அதிகம் சொட்டுகிறது. ஏன்?

விடையைச் சொல்லிவிடாதீர்கள். மாணவர்கள் சொல்லும் காரணங்களை எல்லாம் பலகையில் எழுதி வையுங்கள். "உள்ளே இருக்கிற தண்ணீர்தான் கசிகிறது" என்பதே பெரும்பாலும் முதல் விடையாக வரும். "மழைத் தண்ணீர் கூரை வழியாக இறங்குகிறது" என்றும் சிலர் சொல்வார்கள். பாடம் முடிந்ததும் இந்தப் பட்டியலுக்குத் திரும்பி வந்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்கலாம்.

செயல்பாடு 1: அந்த நீர் எங்கிருந்து வந்தது?

தேவையானவை: எவர்சில்வர் டம்ளர், பனிக்கட்டி, சிறிதளவு நீல மை அல்லது மஞ்சள் தூள், வெள்ளைத் தாள்.

டம்ளரின் வெளிப்புறத்தைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, மை கலந்த நீரையும் பனிக்கட்டியையும் முக்கால் அளவுக்கு ஊற்றுங்கள். சில நிமிடங்களில் வெளிப்புறத்தில் நீர்த்துளிகள் தோன்றும். வெள்ளைத் தாளால் அவற்றை ஒற்றி எடுங்கள். தாளில் நிறம் இருக்காது. உள்ளே இருக்கும் நீர் கசிந்து வந்திருந்தால் தாளில் நீலம் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே வெளியே உள்ள நீர் காற்றிலிருந்து வந்தது. காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும் நீராவி, குளிர்ந்த பரப்பைத் தொட்டதும் ஆவி சுருங்கி நீராகிறது.

இங்கே ஒரு மாணவர் கட்டாயம் மண்பானையைப் பற்றிக் கேட்பார். கேட்காவிட்டால் நாமே கேட்க வேண்டும். மண்பானையின் வெளிப்புறமும் ஈரமாகத்தானே இருக்கிறது? அது வேறு. பானையின் நுண்துளைகள் வழியே உள்ளிருக்கும் நீர் உண்மையிலேயே வெளியே வருகிறது. வந்த நீர் ஆவியாகும்போது பானையிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் பானை நீர் குளிர்கிறது. டம்ளரில் நடப்பது இதற்கு நேர் எதிரானது. நீராவி நீராகும்போது வெப்பத்தை வெளிவிடுவதால் டம்ளரில் உள்ள நீர் சூடேறுகிறது. 1 கிராம் நீராவி நீராக மாறினால் சுமார் 2400 ஜூல் வெப்பம் வெளிப்படும். அது முழுவதும் 200 கிராம் நீருக்குள் போனால், அந்த நீரின் வெப்பநிலை ஏறக்குறைய 3 டிகிரி உயரும். "குழாயில் உள்ள தண்ணீர்தான் கசிகிறது" என்ற எண்ணம் பானையைப் பார்த்துப் பழகிய அறிவிலிருந்து வருவது. அதைத் தவறு என்று தள்ளிவிடாமல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் மாணவர் மனத்தில் வேறுபாடு நிலைக்கும்.

இதே முறை கடையிலும் ஆய்வகத்திலும் பயன்படும். ஏ.சி.யின் நீர்த்தட்டில் மெக்கானிக் சிறிது நிறநீரை ஊற்றட்டும். கீழே சொட்டும் நீர் நிறத்தோடு வந்தால் குழாய் ஒழுகுகிறது என்று பொருள். நிறமின்றி வந்தால் குழாய் வியர்க்கிறது. முதலாவதற்குப் பசை வேண்டும். இரண்டாவதற்குப் போர்வை வேண்டும். நோயைக் கண்டறியாமல் மருந்து கொடுத்தால் எப்படிப் பணம் வீணாகும் என்பதற்கும் இது நல்ல எடுத்துக்காட்டு.

செயல்பாடு 2: பனிநிலையை அளப்போம்

எந்த வெப்பநிலையில் காற்றின் நீராவி நீராகத் தொடங்குகிறதோ அதுவே அந்தக் காற்றின் பனிநிலை. இதை அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை.

பளபளப்பான எவர்சில்வர் டம்ளரில் அறை வெப்பநிலையில் உள்ள நீரைப் பாதியளவு எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே வெப்பநிலைமானியை வையுங்கள். பனிக்கட்டியைச் சிறு சிறு துண்டுகளாகப் போட்டு, மரக்குச்சியால் மெதுவாகக் கலக்குங்கள். வெளிப்புறம் முதன்முதலில் மங்கும் கணத்தில் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் இன்றைய பனிநிலை. டம்ளருக்கு மிக அருகில் குனிந்து பார்த்தால் நம் மூச்சிலுள்ள ஈரமே பரப்பை மங்கச் செய்துவிடும். ஆகவே சற்றுத் தள்ளி நின்று பார்க்க வேண்டும். கண்ணாடி வெப்பநிலைமானியால் நீரைக் கலக்கக் கூடாது.

ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சமாகக் கொள்ளக்கூடிய நீராவியின் அளவு:

10 டிகிரி செல்சியஸில் 9.4 கிராம்
15 டிகிரியில் 12.8 கிராம்
20 டிகிரியில் 17.3 கிராம்
25 டிகிரியில் 23.0 கிராம்
30 டிகிரியில் 30.4 கிராம்
35 டிகிரியில் 39.6 கிராம்

இந்த அட்டவணையை வரைபடமாக வரையச் சொல்லுங்கள். கோடு நேராகப் போகாமல் மேல்நோக்கி வளைவதை மாணவர்களே கண்டுபிடிப்பார்கள். 30 டிகிரி உள்ள வகுப்பறையில் பனிநிலை 20 டிகிரி என்று வந்தால், ஒப்பு ஈரப்பதம் ஏறக்குறைய 17.3ஐ 30.4ஆல் வகுத்தால் கிடைக்கும் 57 விழுக்காடு.

இன்னொரு கணக்கு மாணவர்களை வியக்க வைக்கும். 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள வகுப்பறையின் கன அளவு 180 கன மீட்டர். காற்று 30 டிகிரியிலும் ஒப்பு ஈரப்பதம் 70 விழுக்காட்டிலும் இருந்தால், அறையின் காற்றில் மட்டும் சுமார் 3.8 லிட்டர் நீர் ஆவியாக மிதந்துகொண்டிருக்கிறது. கதவு திறந்து மூடும்போதெல்லாம் புதிய ஈரமும் உள்ளே வருகிறது. ஏ.சி.யிலிருந்து வாளி வாளியாக நீர் வருவதன் மர்மம் இதுதான். அந்த நீர் கம்பிச் சுருளின் தூசியையும் உலோகத்தையும் தொட்டு வருவதால் குடிக்க உதவாது. தரை துடைக்கலாம், செடிக்கு ஊற்றலாம்.

இந்த அளவீட்டைச் சித்திரை வெயிலுக்கு முன் ஒரு முறையும், ஐப்பசி அடைமழையில் ஒரு முறையும் செய்து குறிப்பேட்டில் பதிவு செய்யச் சொல்லுங்கள். மழை நாளில் வெப்பநிலை குறைவாக இருந்தாலும், பனிநிலை அறை வெப்பநிலைக்கு மிக அருகில் வந்து நிற்கும். குழாய் மழைக்காலத்தில் அதிகம் வியர்ப்பதன் காரணம் இதிலிருந்து தானே வெளிப்படும்.

சிக்கலின் முதல் பகுதிக்கு விடை

விற்பனைக் கூடத்தின் காற்று 25 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 50 விழுக்காடு என்று கொள்வோம். அதன் பனிநிலை சுமார் 14 டிகிரி. குழாயினுள் 15 டிகிரி நீர் ஓடினால், குழாயின் வெளிப்பரப்பு 16 டிகிரிக்கு அருகில் இருக்கும். அது பனிநிலைக்கு மேலே இருப்பதால் கூடத்தில் வியர்வை இல்லை. அதே குழாய் 30 டிகிரி, 70 விழுக்காடு ஈரப்பதம் உள்ள சரக்கறைக்குள் நுழைகிறது. அங்கே பனிநிலை சுமார் 24 டிகிரி. குழாய் அதைவிட வெகுவாகக் குளிர்ந்திருக்கிறது. ஆகவே சொட்டுகிறது. குழாய் மாறவில்லை, சுற்றியுள்ள காற்று மாறியது. இதை மாணவர்கள் தாமாகச் சொல்லும்வரை காத்திருங்கள்.

செயல்பாடு 3: எந்தப் போர்வை நல்லது?

நான்கு ஒரே அளவுள்ள டம்ளர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் டம்ளரை வெறுமையாக விடுங்கள். இரண்டாவதன்மேல் பழைய பருத்தித் துணியைத் தளர்வாகச் சுற்றுங்கள். மூன்றாவதன்மேல் அதே அளவு துணியைச் சுற்றி, அதற்கு மேல் பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, மேலும் கீழும் இடைவெளி இல்லாமல் டேப் ஒட்டுங்கள். நான்காவதற்கு ஏ.சி. மெக்கானிக்கிடம் மீந்துபோன கறுப்பு ரப்பர் ஃபோம் துண்டைச் சுற்றி, சேரும் இடத்தை டேப்பால் ஒட்டுங்கள். நான்கிலும் ஒரே அளவு பனிக்கட்டி நீர் ஊற்றி, தட்டால் மூடி, ஒவ்வொன்றையும் நிறுத்து எடையைக் குறியுங்கள். அரை மணி நேரம் கழித்து மீண்டும் நிறுங்கள். கூடிய எடைதான் காற்றிலிருந்து வந்து சேர்ந்த நீர். பட்டு நூல் நிறுக்கும் மின்னணுத் தராசு பல மாணவர்களின் வீடுகளில் இருக்கும். பெற்றோர் அனுமதியோடு ஒன்றைக் கொண்டுவரச் சொல்லலாம்.

மாணவர்கள் எதிர்பாராத முடிவு இரண்டாவது டம்ளரில் இருக்கும். துணியை அவிழ்த்தால் உட்புறம் நனைந்திருக்கும். துணியின் இழைகளுக்கு இடையே காற்று தங்குவதால் அது அரிதிற் கடத்திதான். ஆனால் காற்று போகும் வழியாக நீராவியும் போகும். உள்ளே போன ஆவி குளிர்ந்த டம்ளரைத் தொட்டு நீராகிறது, துணியை நனைக்கிறது. நீரின் வெப்பக் கடத்துத்திறன் அசையாத காற்றினுடையதைப் போல 20 மடங்குக்கும் மேல். நனைந்த துணி காப்பானாக இருப்பதை நிறுத்திவிட்டு வெப்பத்தை எளிதாகக் கடத்தத் தொடங்குகிறது. குழாயில் பழைய சாக்கையோ கிழிந்த துணியையோ சுற்றிக் கயிறு கட்டிவிட்டால் சில நாளில் அது நனைந்து, பூஞ்சை பிடித்து, மீண்டும் சொட்டுவது இதனால்தான்.

நல்ல போர்வைக்கு இரண்டு குணங்கள் வேண்டும். ஒன்று, வெப்பத்தை மெதுவாகவே விட வேண்டும். மற்றொன்று, நீராவியை உள்ளே விடக்கூடாது. கறுப்பு ரப்பர் ஃபோமில் உள்ள குமிழ்கள் ஒன்றோடொன்று தொடர்பின்றி மூடியிருப்பதால் அதற்கு இரண்டு குணங்களும் உண்டு. மூன்றாவது டம்ளரில் துணி முதல் வேலையையும் பிளாஸ்டிக் தாள் இரண்டாவது வேலையையும் செய்கின்றன. அந்தத் தாளில் குண்டூசியால் சில ஓட்டைகள் போட்டு மீண்டும் செய்து பார்த்தால், போர்வையில் சிறு இடைவெளி எவ்வளவு கெடுதல் செய்யும் என்பது புரியும்.

மேல் வகுப்புகளுக்கு: எவ்வளவு தடிமன் வேண்டும்?

குழாயின் வளைவைக் கணக்கில் கொள்ளாமல், தட்டையான பலகைபோல நினைத்துக்கொண்டு எளிய கணக்கு ஒன்று போடலாம். வெளிக்காற்றிலிருந்து குழாய் நீருக்கு வெப்பம் வரும் வழியில் இரண்டு தடைகள் உள்ளன. ஒன்று ஃபோம். அதன் தடை என்பது தடிமனை (மீட்டரில்) வெப்பக் கடத்துத்திறனால் வகுத்தால் கிடைப்பது. ஃபோமின் கடத்துத்திறன் சுமார் 0.04. ஆக 10 மில்லிமீட்டர் ஃபோமின் தடை 0.25. இரண்டாவது, ஃபோமின் மேற்பரப்பை ஒட்டியுள்ள மெல்லிய காற்றுப் படலம். அதன் தடையைச் சுமார் 0.1 என்று கொள்ளலாம். மின்சுற்றில் தொடரிணைப்பில் மின்னழுத்தம் பிரிவதைப் போலவே இங்கே வெப்பநிலை வேறுபாடு பிரிகிறது.

சரக்கறை 30 டிகிரி, குழாய் நீர் 15 டிகிரி. வேறுபாடு 15. காற்றுப் படலத்தின் பங்கு 15 பெருக்கல் 0.1 வகுத்தல் 0.35, அதாவது சுமார் 4.3 டிகிரி. ஃபோமின் வெளிப்பரப்பு 25.7 டிகிரி. பனிநிலை 24 என்பதால் வியர்க்காது. 5 மில்லிமீட்டர் ஃபோம் போட்டால் வெளிப்பரப்பு 23.3 டிகிரி. வியர்க்கும்! போர்வை போட்டும் சொட்டுகிறதே என்று கடைக்காரர் குறைப்பட்டுக்கொள்வதன் காரணம் இந்தச் சிறிய வேறுபாடாக இருக்கலாம்.

இப்போது மழை நாள். 28 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 85 விழுக்காடு. பனிநிலை சுமார் 25.2 டிகிரி. 10 மில்லிமீட்டர் ஃபோமின் வெளிப்பரப்பு 24.3 டிகிரிதான். போதாது. 20 மில்லிமீட்டர் போட்டால் 25.8 டிகிரி. தப்பித்துக்கொள்ளலாம். வெயில் நாளை மட்டும் பார்த்துத் தடிமனை முடிவு செய்யக் கூடாது என்பதை மாணவர்கள் எண்களோடு அறிகிறார்கள்.

களப்பார்வை

மாணவர்களைக் குழுவாகப் பிரித்து, பள்ளியிலோ தெரிந்த கடையிலோ தரையில் நின்றபடியே ஒரு ஏ.சி. குழாயைப் பார்த்துக் குறிப்பெடுக்கச் சொல்லலாம். ஏணியில் ஏறுவதோ ஏ.சி.யைத் தொடுவதோ கூடாது. பார்க்க வேண்டியவை:

குழாய் ஏ.சி. இல்லாத அறை வழியாகச் செல்கிறதா? அந்தப் பகுதி முழுவதும் போர்வை இருக்கிறதா?
முழங்கை இணைப்புகளிலும் சுவரைத் துளைத்துச் செல்லும் இடத்திலும் போர்வை விட்டுப்போயிருக்கிறதா?
கிளாம்பு இறுக்கிய இடத்தில் ஃபோம் நசுங்கித் தடிமன் குறைந்திருக்கிறதா?
வெளியே வெயில் படும் இடத்தில் ஃபோம் வெடித்து உதிர்கிறதா? அங்கே மேலுறை வேண்டும்.
குழாய்க்குச் சரிவு இருக்கிறதா? ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு சென்டிமீட்டர் இறக்கம் இருந்தால் நீர் தேங்காது. தேங்கினால் பாசி பிடித்து அடைத்துக்கொண்டு, தட்டிலிருந்தே நீர் வழியும். அதைப் போர்வையால் தடுக்க முடியாது.

தறியும் ஈரமும்

இந்தப் பாடத்தை ஏ.சி.யோடு முடித்துவிட வேண்டாம். அமெரிக்காவில் 1902இல் வில்லிஸ் கேரியர் நவீன ஏ.சி.யை வடிவமைத்தது ஓர் அச்சகத்துக்காக. ஈரத்தால் காகிதம் விரிந்து வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல் போவதைத் தடுப்பதே நோக்கம். 1906இல் அந்தத் தொழில்நுட்பத்துக்கு ஆங்கிலப் பெயர் வைத்த ஸ்டூவர்ட் கிரேமர் ஒரு நெசவாலைப் பொறியாளர். நூல் அறுந்துபோகாமல் இருக்க ஆலைக் காற்றுக்கு ஈரம் சேர்ப்பது அவருடைய வேலை. ஆக ஏ.சி.யின் வரலாறே நூலோடும் ஈரத்தோடும் தொடங்குகிறது.

வறண்ட காற்றில் பாவு இழை அறுவதும், மழை பெய்தால் தெருவில் பாவு நீட்ட முடியாமல் போவதும், குழித்தறியின் குழியில் ஈரம் ஊறுவதும் ஆரணி வீடுகளில் அன்றாடப் பேச்சு. பட்டு நீராவியை உறிஞ்சும் இழை. 100 கிராம் உலர்ந்த பட்டுக்கு 11 கிராம் ஈரம் என்று கணக்கிட்டே உலக வணிகத்தில் பட்டின் எடை முடிவு செய்யப்படுகிறது. பிரான்ஸின் லியோன் நகரில் இதற்கென்றே 1805இல் ஒரு பொதுச் சோதனை நிலையம் ஏற்பட்டது. வாங்குபவர் ஈரத்துக்கும் சேர்த்துப் பட்டு விலை கொடுத்துவிடக் கூடாதே!

நம் ஊரிலும் கூலிக்கு நெய்பவருக்கு நூலை நிறுத்துக் கொடுத்து, நெய்த புடவையை நிறுத்தே வாங்குவது வழக்கம். அடைமழையில் கொடுத்த நூல், வெயில் நாளில் புடவையாகத் திரும்பும்போது சில கிராம் குறைந்தால் அந்தக் குறை யாருடையது? இந்தக் கேள்வியை வகுப்பில் கேளுங்கள். பட்டு நூல் சிட்டம் ஒன்றை மழை நாளிலும் வெயில் நாளிலும் நிறுத்து, பனிநிலையையும் கூடவே குறித்துவர ஒரு குழுவைப் பணியுங்கள். வீட்டில் தாத்தாவிடமும் அம்மாவிடமும் கேட்டு எழுதி வருவதையும் அதே குறிப்பேட்டில் சேர்க்கச் சொல்லுங்கள்.

மதிப்பீட்டு வினாக்கள்

1. குழாயிலிருந்து சொட்டும் நீர் ஒழுகலா, வியர்வையா என்பதை எப்படிக் கண்டறிவாய்?
2. மண்பானையின் வெளி ஈரமும் டம்ளரின் வெளி ஈரமும் எந்த இரண்டு வகைகளில் வேறுபடுகின்றன?
3. துணி அரிதிற் கடத்தியாக இருந்தும் ஏ.சி. குழாய்க்கு அது மட்டும் போதாது. ஏன்?
4. 30 டிகிரி அறையில் பனிநிலை 25 டிகிரி. ஒப்பு ஈரப்பதம் என்ன? (விடை: சுமார் 76 விழுக்காடு)
5. கடைக்காரர் ஒருவர் சரக்கறைக் குழாய்க்கு 5 மில்லிமீட்டர் ஃபோம் வாங்கப்போகிறார். அவரிடம் என்ன சொல்வாய்? காரணத்தை எண்களோடு எழுது.

ஐந்தாவது வினாவுக்கான விடையை மாணவர்கள் ஒரு பக்கக் கடிதமாக எழுதட்டும். நல்ல கடிதம் ஒன்றைத் தேர்ந்து, எழுதிய மாணவரின் விருப்பத்தோடு, அருகில் உள்ள கடைக்காரர் ஒருவரிடம் உண்மையாகவே கொடுக்கச் சொல்லுங்கள். அடுத்த மழைக்கு முன் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது.